‘ஐல் ஆஃப் த டெட்’: 1945-ன் பேய்ப்படத்தில் கிரேக்கத் தொன்மம் எங்கே இருக்கிறது?

1945-ல் வெளியான ‘ஐல் ஆஃப் த டெட்’ படத்தை இன்று முதன்முறையாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் மூன்று கேள்விகளோடு எழுந்திருக்கிறார்கள். படத்தில் பேய் உண்டா, இல்லையா? எல்லோரும் பயந்து நடுங்கும் அந்த ‘வோர்வோலாகா’ என்ற பேய் கிரேக்கப் புராணத்தில் எந்த இடத்தில் வருகிறது? காற்று திசை மாறினால் பிளேக் நின்றுவிடும் என்று மருத்துவர் சொல்வது உண்மையா, கதைக்காகச் சொன்னதா?

மூன்றுக்கும் பதில் படத்துக்குள் பாதியும் வெளியே பாதியுமாகக் கிடக்கிறது. 1912-ன் போர், பிளேக் பரவும் விதம், பழைய கிரேக்கக் கதைகள், கிரேக்கத் தீவுக் கிராமங்களின் நம்பிக்கை ஆகிய நான்கையும் கொஞ்சம் தெரிந்துகொண்டால் படம் வேறு மாதிரித் தெரியும். முடிவு வரை பேசியாக வேண்டும். ஆகவே, பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்தால் நல்லது. ஒன்றேகால் மணி நேரம்கூட ஓடாத படம்தான்.

கதைச் சுருக்கம்

ஆர்.கே.ஓ. என்ற ஹாலிவுட் நிறுவனத்துக்காக வால் லூட்டன் தயாரித்த படம் இது. மார்க் ராப்சன் இயக்கம், ஆர்டெல் ரே எழுத்து. முதன்மைப் பாத்திரத்தில் போரிஸ் கார்லாஃப். 1944 ஜூலையில் படப்பிடிப்பு தொடங்கியது. கார்லாஃபுக்கு முதுகில் அறுவை சிகிச்சை தேவைப்பட்டதால் பாதியில் நின்றது. அவர் தேறி, இடையில் இதே தயாரிப்பாளருக்கு இன்னொரு படமும் முடித்துக் கொடுத்த பிறகு, டிசம்பரில் மீதி எடுக்கப்பட்டது.

1912, பால்கன் போர். கிரேக்கத் தளபதி ஃபெரிடெஸ் அன்றைய சண்டையில் வென்றிருக்கிறார். அவரும் ஆலிவர் டேவிஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரும், தளபதியின் மனைவி அடக்கமாகியிருக்கும் கல்லறைத் தீவுக்குப் படகில் போகிறார்கள். கல்லறை உடைக்கப்பட்டிருக்கிறது, உடல் இல்லை. தீவில் ஒரு வீடு. அங்கே ஆல்பிரெக்ட் என்ற சுவிஸ் தொல்லியலாளர், வீட்டைக் கவனித்துக்கொள்ளும் கிரேக்கக் கிழவி கிரா, பிரிட்டிஷ் அரசதந்திரி செயின்ட் ஆபின், நோயாளியான அவர் மனைவி மேரி, மேரிக்குத் துணையாக இருக்கும் இளம் கிரேக்கப் பெண் தியா, ஓர் ஆங்கிலேயத் தகர வியாபாரி. மறுநாள் காலையில் வியாபாரி பிணமாகக் கிடக்கிறார். மருத்துவர் டிராசோஸ் வந்து பார்த்து பிளேக் என்கிறார். இனி யாரும் தீவை விட்டுப் போகக்கூடாது என்று தளபதி உத்தரவு போடுகிறார்.

அப்புறம் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். சாவுக்குக் காரணம் நோயல்ல, தியாதான், அவள் ஒரு வோர்வோலாகா என்று கிழவி தளபதியின் காதில் ஓதிக்கொண்டே இருக்கிறாள்.

1912-ல் நடந்தது எந்தப் போர்?

உலகப் போர் அல்ல, அதற்கு இரண்டு ஆண்டுகள் முந்தையது. மாண்டநீக்ரோ, செர்பியா, பல்கேரியா, கிரீஸ் ஆகிய நான்கும் கூட்டணி சேர்ந்து ஒட்டோமான் பேரரசை பால்கன் நிலப்பரப்பிலிருந்து துரத்திய போர். 1912 அக்டோபரில் தொடங்கியது. நவம்பர் தொடக்கத்திலேயே தெசலோனிகி நகரம் கிரேக்கப் படையிடம் சரணடைந்தது. 1430 முதல் ஒட்டோமான் கையில் இருந்த நகரம் அது. 1913 மே மாதம் லண்டன் உடன்படிக்கையோடு முதல் பால்கன் போர் முடிந்தது.

படத்துக்கு முக்கியம் போரின் வெற்றியல்ல, அதன் நாற்றம். தொடக்கத்தில் பிணங்கள் ஏற்றிய வண்டியை மாடுகளுக்குப் பதிலாகச் சிப்பாய்களே இழுத்துப் போகிறார்கள். உடல்களை உடனே புதைக்காவிட்டால் நோய் வரும் என்பதுதான் அவசரம். அந்தப் போரில் இது கற்பனையல்ல. 1912 நவம்பரில் இஸ்தான்புல்லுக்கு அருகே சடால்ஜா அரண்வரிசையில் ஒட்டோமான் வீரர்களைக் குண்டுகளோடு காலராவும் கொன்றது. எதிரே நின்ற பல்கேரியப் படைக்கும் அது தொற்றியது. படம் காலராவுக்குப் பதிலாக பிளேக்கை எடுத்துக்கொண்டது, காரணத்தோடுதான்.

பிளேக், தெள்ளுப்பூச்சி, தெற்குக் காற்று

படத்தில் வருவது ‘செப்டிசீமிக்’ பிளேக். பிளேக்கில் மூன்று வகை உண்டு: நெறி கட்டுவது, நுரையீரலைத் தாக்குவது, நேராக இரத்தத்தில் கிருமி பெருகுவது. மூன்றாவதுதான் செப்டிசீமிக். வெளியே கட்டி தெரியாமலேயே ஆளை விரைவாக முடித்துவிடும். கதாசிரியருக்கு இதைவிட வசதியான நோய் கிடைக்காது. நேற்று இரவு உங்களோடு சாப்பிட்டவர் காலையில் இல்லை, உடம்பில் தடயமும் இல்லை. பேய் அடித்தது என்று சொல்ல இடம் தானாகக் கிடைத்துவிடுகிறது.

தெற்கிலிருந்து வெப்பமான, வறண்ட ‘சிரோக்கோ’ காற்று வீசினால் நோய் பரப்பும் தெள்ளுப்பூச்சிகள் செத்து, பிளேக் நின்றுவிடும் என்கிறார் மருத்துவர். அதை இப்படிப் பிரித்துப் பார்க்கலாம்.

1. பிளேக் கிருமியை அலெக்சாண்டர் யெர்சின் 1894-ல் ஹாங்காங்கில் கண்டறிந்தார். எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக அது தொற்றுகிறது என்பதை 1898-ல் போல்-லூயி சிமோன் கராச்சியில் நடத்திய சோதனையில் காட்டினார். 1912-ல் படித்த ஒரு மருத்துவர் தெள்ளுப்பூச்சியைப் பற்றிப் பேசுவது காலப்பிழையல்ல.

2. வெப்பமும் வறட்சியும் கூடினால் தெள்ளுப்பூச்சி நீண்ட நாள் பிழைக்காது. பிரிட்டிஷ் இந்தியாவில் பிளேக்கை ஆராய்ந்தவர்களும், கோடை வெயில் ஏறும்போது நோய் தணிவதைக் கவனித்திருக்கிறார்கள்.

3. ‘சிரோக்கோ’ என்பது சகாராவிலிருந்து மத்தியதரைக் கடல் மீது வீசும் தெற்குக் காற்று. புறப்படும்போது வறண்ட காற்றுதான். கடலைத் தாண்டி வரும்போது ஈரத்தை வாங்கிக்கொள்ளும். கிரேக்கக் கரைக்கு அது எலும்பு உலர வந்து சேரும் என்று எப்போதும் எதிர்பார்க்க முடியாது.

ஆக, தத்துவம் சரி, காற்றின் குணத்தில் கொஞ்சம் சினிமா. ஒரே நாளில் நோய் ஓடிவிடும் என்பதும் சினிமாதான். ஆனால் கதைக்கு இது அருமையான ஏற்பாடு. எல்லோரும் வானத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். காத்திருப்பது அறிவியலின் பெயரிலா, தெய்வத்தின் பெயரிலா என்பது அவரவர் விருப்பம்.

கொள்ளைநோய் வந்தால் குற்றவாளியைத் தேடு

கிரேக்கத் தொன்மம் என்றதும் பலர் படத்தில் சிலைகளையும் தெய்வப் பெயர்களையும் தேடுகிறார்கள். அவை இருக்கின்றன. ஆனால் இந்தப் படம் பழைய கிரேக்கத்திடமிருந்து வாங்கிய பெரிய சொத்து ஒரு கதைவடிவம். போரோ ஆட்சியோ நடக்கிறது, கொள்ளைநோய் வருகிறது, அதற்கு ஓர் ஆள் காரணம் என்று எல்லோரும் நம்புகிறார்கள், தலைவன் அந்த ஆளைத் தேடுகிறான்.

1. ஹோமரின் ‘இலியட்’ காவியம் தொடங்குவதே இப்படித்தான். அப்பல்லோவின் பூசாரி கிரைசெஸ் தன் மகளை மீட்க வருகிறார். அகமெம்னான் அவமதித்துத் துரத்துகிறான். அப்பல்லோ ஒன்பது நாள் அம்பு எய்கிறார். முதலில் கோவேறு கழுதைகளும் நாய்களும், பிறகு மனிதர்கள். பத்தாம் நாள் அகில்லீஸ் சபையைக் கூட்டிக் காரணம் கேட்கிறான். குறிசொல்பவன் கைகாட்டுவது படைத்தலைவன் அகமெம்னானை.

2. சோஃபோக்ளீஸின் ‘ஈடிபஸ்’ நாடகத்தில் தீப்ஸ் நகரம் நோயால் அழிகிறது. பழைய அரசனைக் கொன்றவன் ஊருக்குள் இருப்பதுதான் காரணம் என்று டெல்ஃபி கோயிலின் குறிவாக்கு சொல்கிறது. ஈடிபஸ் விசாரணை நடத்துகிறான். தேடப்படுபவன் அவனேதான்.

3. கி.மு. 430-ல் ஏதென்ஸைத் தாக்கிய கொள்ளைநோய் வரலாற்று நிகழ்வு. பெலொபொன்னீசியப் போரின் இரண்டாம் ஆண்டு. நாட்டுப்புற மக்கள் எல்லாம் நகரச் சுவருக்குள் அடைந்துகிடந்த நேரம். அதை எழுதிவைத்த வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் தானே நோய்ப்பட்டு மீண்டவர். மருத்துவர்களாலும் பயனில்லை, கோயில் வேண்டுதலாலும் குறிகேட்பதாலும் பயனில்லை, கடைசியில் மக்கள் எல்லாவற்றையும் கைவிட்டார்கள் என்று எழுதுகிறார்.

முதல் இரண்டு கதைகளிலும் தேடல் சரியான ஆளிடம்தான் போய்ச் சேருகிறது. தெய்வம் நிஜமாகவே கோபமாக இருக்கிறது; குற்றம் நிஜமாகவே நடந்திருக்கிறது. அதையெல்லாம் எடுத்துவிட்டு நோயை மட்டும் வைப்பவர் தூசிடிடீஸ். அவருடைய ஏதென்ஸில் குற்றவாளியே கிடையாது. ‘ஐல் ஆஃப் த டெட்’ தூசிடிடீஸின் நோயை எடுத்து, ஈடிபஸின் விசாரணையை அதன் மேல் ஏற்றிப் பார்க்கிறது. குற்றவாளி இல்லாத இடத்தில் விசாரணை நடந்தால் என்ன ஆகும்? யாராவது ஒருத்தி மாட்டிக்கொள்வாள்.

தீவில் இருக்கும் தெய்வங்கள்

படகுத்துறையில் வரவேற்பது பாதாள உலகின் வாசலைக் காக்கும் செர்பெரஸ் நாயின் சிலை. தளபதிக்குப் பட்டப்பெயரே ‘காவல் நாய்’ என்பதால் இது சும்மா வைத்த சிலையல்ல. செர்பெரஸின் வேலை விசித்திரமானது: உள்ளே வருபவரைத் தடுக்காது, வெளியே போக விடாது. தனிமைப்படுத்தல் உத்தரவுக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் இல்லை.

பிணம் ஏற்றிய படகு தண்ணீரைக் கடப்பது இறந்தவர்களைப் பாதாளத்துக்கு ஏற்றிப்போகும் படகோட்டி கேரோனை நினைவூட்டும். தீவின் தோற்றம் ஆர்னால்ட் பொக்லின் என்ற சுவிஸ் ஓவியர் 1880 முதல் 1886 வரை ஐந்து முறை வரைந்த ஓவியத்திலிருந்து வந்தது. செங்குத்தான பாறை, நடுவில் கருத்த சைப்ரஸ் மரங்கள், வெள்ளை உடுத்து நிற்கும் உருவத்தோடும் ஒரு சவப்பெட்டியோடும் நெருங்கும் படகு. படத்தின் தலைப்பும் அந்த ஓவியத்தினுடையதுதான். ஐந்தில் ஒன்றை ஹிட்லர் வாங்கினார். இன்னொன்று இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அழிந்தது.

ஹெர்மெஸ் விஷயம்தான் பலருக்குப் புரிவதில்லை. பிளேக் வந்தவுடன் ஆல்பிரெக்டும் மருத்துவரும் பாதி விளையாட்டாக ஒரு பந்தயம் கட்டுகிறார்கள். ஆல்பிரெக்ட் ஹெர்மெஸை வேண்டிக்கொள்வார், மருத்துவர் அறிவியலை நம்புவார், யார் பிழைக்கிறார்கள் பார்ப்போம். ஏன் அப்பல்லோ இல்லை, மருத்துவத் தெய்வமான அஸ்க்ளெபியஸ் இல்லை? இறந்தவர்களின் ஆவியைப் பாதாளத்துக்குக் கூட்டிப் போகும் தெய்வம் ஹெர்மெஸ். கல்லறைத் தீவுக்கு அவர்தான் உரியவர். தவிர, பாசேனியஸ் என்ற பழைய பயணி எழுதிவைத்த ஒரு கதை உண்டு. டனாக்ரா நகரத்தை நோய் அண்டாதபடி ஹெர்மெஸ் ஓர் ஆட்டுக்கடாவைத் தோளில் சுமந்து மதிலைச் சுற்றி வந்தாராம். ஒரு தொல்லியலாளர் வேண்டிக்கொள்ளத் தேர்ந்தெடுக்க வேண்டிய தெய்வம்தான்.

வோர்வோலாகா: பழைய புராணத்தில் இல்லாத பேய்

ஹோமரில் தேடினாலும், இன்னொரு பழைய கவிஞர் ஹெசியடில் தேடினாலும், நாடகங்களில் தேடினாலும் வோர்வோலாகா கிடைக்காது. படம் அந்தப் பெயரில் சொல்வது ‘விரிகோலகாஸ்’ என்ற கிரேக்க நாட்டுப்புறப் பேயை. பெயரும் நம்பிக்கையின் ஒரு பகுதியும் ஸ்லாவிய மக்களிடமிருந்து இடைக்காலத்தில் வந்து, ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் வழக்கங்களோடு கலந்து உருவானவை. செத்தவர் திரும்பி வரும் கதை பழைய காலத்திலும் உண்டு. இரண்டாம் நூற்றாண்டில் ஃப்ளெகான் எழுதிய ஃபிலினியன் கதையில், இறந்துபோன இளம்பெண் இரவில் வீட்டு விருந்தாளியிடம் வருகிறாள். ஆனால் அவள் நோய் பரப்பவில்லை, யாரையும் கொல்லவும் வரவில்லை.

விரிகோலகாஸைப் புரிந்துகொள்ள ஒரு சாவுச் சடங்கு தெரிய வேண்டும். கிரேக்கத்தில் புதைத்துச் சில ஆண்டுகள் கழித்து, பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில், எலும்புகளைத் தோண்டி எடுத்துக் கழுவிப் பெட்டியில் வைக்கும் வழக்கம் உண்டு. சதை மக்கியிருந்தால் ஆன்மா நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது. மக்காமல் இருந்தால் சந்தேகம். திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவரா? கெட்ட வாழ்க்கை வாழ்ந்தவரா? கியோஸ் தீவில் பிறந்த அறிஞர் லியோ அலாட்டியஸ் 1645-ல் இந்த நம்பிக்கைகளைத் தொகுத்தார். உடல் பறைபோல உப்பியிருக்கும், இரவில் வந்து கதவைத் தட்டிப் பெயர் சொல்லி அழைக்கும், பதில் கொடுத்தவர் மறுநாள் செத்துப்போவார். அதனால் கியோஸ் மக்கள் முதல் அழைப்புக்குக் குரல் கொடுக்க மாட்டார்கள். இரண்டாம் முறை அழைத்தால் மனிதர்தான் என்று தெரிந்துகொள்வார்கள்.

இந்த நம்பிக்கை ஓர் ஊரை என்ன பாடு படுத்தும் என்பதற்கு நேரில் பார்த்த சாட்சி ஒன்று இருக்கிறது. பிரெஞ்சுத் தாவரவியலாளர் தூர்ன்ஃபோர் 1700-ன் கடைசியில் மிக்கோனோஸ் தீவில் தங்கியிருந்தார். சிடுசிடுப்பும் சண்டைக்குணமும் கொண்ட ஒரு விவசாயி வயலில் கொலைசெய்யப்பட்டுக் கிடந்தான். புதைத்து இரண்டு நாளில் அவன் இரவில் நடமாடுவதாகப் பேச்சு கிளம்பியது. சாமான்களை உருட்டுகிறான், விளக்கை அணைக்கிறான், பின்னாலிருந்து கட்டிப் பிடிக்கிறான். பத்தாம் நாள் பூசை செய்து உடலைத் தோண்டினார்கள். இதயத்தை எடுக்க வந்த கசாப்புக்காரர் வயதானவர், கை தேராதவர். மார்புக்குப் பதிலாக வயிற்றைக் கிழித்து, குடலுக்குள் துழாவிக்கொண்டிருந்தார். நாற்றம் தாங்காமல் சாம்பிராணி போட்டார்கள். அந்தப் புகை பிணத்திலிருந்தே கிளம்புவதாகக் கூட்டம் கத்தியது. இதயத்தைக் கடற்கரையில் எரித்தார்கள். அதற்குப் பிறகு தொந்தரவு இன்னும் கூடியதாம். கதவை உடைக்கிறான், ஆட்களை அடிக்கிறான், குடுவைகளைக் காலிசெய்கிறான். தூர்ன்ஃபோர் தங்கியிருந்த தூதரக அதிகாரியின் வீட்டுப் பக்கம் மட்டும் அந்தப் பேய் வரவேயில்லை என்று அவர் எழுதும்போது சிரிப்பை அடக்கியிருக்கிறார் என்று தெரிகிறது.

குடும்பங்கள் ஊரைக் காலிசெய்யத் தொடங்கின. கடைசியில் 1701 ஜனவரி 1 அன்று பக்கத்துக் குட்டித்தீவு ஒன்றில் பிணத்தை முழுவதுமாக எரித்த பிறகுதான் ஊர் அடங்கியது. இந்தப் பேய்ப்பயம் மூளையைத் தாக்கும் தொற்றுநோய் என்பது தூர்ன்ஃபோரின் தீர்ப்பு.

உப்பிய உடல், வாயோரம் இரத்தம் போன்ற திரவம், மக்காத சதை எல்லாம் பிணம் அழுகும்போது வாயு சேர்வதாலும் மண்ணின் தன்மையாலும் இயல்பாக நடப்பவை என்பது இன்று தெரியும். அன்று திறந்து பார்த்தவருக்கு அது தெரியாது. பயந்தவர் பிணத்தைத் திறக்கிறார், திறந்தவர் இன்னும் பயப்படுகிறார்.

படம் செய்த மூன்று மாற்றங்கள்

1. நாட்டுப்புறத்தில் விரிகோலகாஸ் ஒரு பிணம், பெரும்பாலும் ஆண். படத்தில் கிரா காட்டுவது உயிரோடிருக்கும் இளம்பெண்ணை. எஜமானி வெளுத்துக்கொண்டே போகிறாள், இவள் மட்டும் கன்னம் சிவந்து இருக்கிறாளே, அவள் உயிரை இவள்தான் உறிஞ்சுகிறாள் என்பது கிராவின் வாதம். இதில் பழைய கிரேக்கத்தின் லாமியா, எம்பூசா போன்ற பெண்பேய்களும், இரத்தம் குடிக்கும் மேற்கு ஐரோப்பிய வாம்பயரும் கலந்திருக்கின்றன.

2. உடல் இல்லாத கல்லறைகளுக்குப் படம் வைத்திருக்கும் காரணம் பேயல்ல, வியாபாரம். பல ஆண்டுகளுக்கு முன் ஆல்பிரெக்ட் பழம்பொருள்களைத் தேடியதைப் பார்த்து, கிராமத்தார் விற்பனைக்காகக் கல்லறைகளை உடைத்துவிட்டார்கள். ஹெர்மெஸை வேண்டும் மனிதரால்தான் தளபதியின் மனைவி கல்லறையில் இல்லை. அவர் வருத்தப்பட்டு மன்னிப்புக் கேட்கிறார். படம் அதோடு விட்டுவிடுகிறது. எனக்கு இது படத்தின் மிகக் கூர்மையான யோசனையாகப் படுகிறது. இன்னும் கொஞ்சம் தோண்டியிருக்கலாம்.

3. தொடக்க எழுத்து. அடிமைப்பட்ட காலத்தில் கிரேக்க மக்கள் தங்கள் புராணங்களை மூடநம்பிக்கையாகச் சீரழிய விட்டார்கள், காதல் தெய்வம் அஃப்ரோடைட் இருந்த இடத்துக்கு வோர்வோலாகா வந்தது என்ற பொருளில் திரையில் சில வரிகள் வருகின்றன. வரலாறாக இது தவறு. ஒன்று சிதைந்து மற்றொன்று ஆகவில்லை, இரண்டின் ஊற்றும் வேறு. பளிங்குச் சிலைகளை மட்டும் கிரேக்கம் என்று கொண்டாடி, அங்கே வாழும் குடியானவரின் நம்பிக்கையைக் கழிவாகப் பார்த்த ஐரோப்பியப் படிப்பாளிகளின் பார்வை இது. குழப்பத்துக்கும் இந்த எழுத்துத்தான் முதல் காரணம். இதைப் படித்தவர்கள் வோர்வோலாகாவைப் புராணத்தில் தேடப் போகிறார்கள்.

தளபதிக்கு என்ன ஆகிறது?

படம் தொடங்கும்போதே அவரைக் காட்டிவிடுகிறது. படையைத் தாமதமாகக் கொண்டுவந்த கர்னல் ஒருவர் முன்னால் நிற்கிறார். தளபதி அவருடைய பதவிப் பட்டையை அகற்றி, ஒரு கைத்துப்பாக்கியைக் கொடுக்கிறார். கர்னல் வெளியே போகிறார். வெடிச்சத்தம் கேட்கிறது. தளபதிக்கு முகம்கூட மாறுவதில்லை. முன்பு வரிவசூலுக்காகச் சொந்த நாட்டுக் குடியானவர்கள் மீதே படையை ஏவியவர் அவர். தியா அவருக்குப் பரிமாற மறுப்பது அதனால்தான்.

அவர் முதலில் கிராவின் பேச்சை எள்ளி நகையாடுகிறார். மருத்துவர் சொன்னதைச் சட்டமாக்குகிறார். கை கழுவு, தள்ளி நில், யாரும் வெளியேறாதே. மருத்துவரே செத்துப்போகும்போது அவருக்குச் சட்டம் இல்லாமல் போகிறது. இந்த இடத்தில் கார்லாஃபின் நடிப்பைக் கவனிக்க வேண்டும். குரல் உயர்வதே இல்லை. அறிவியலை எந்த விறைப்போடு அமல்படுத்தினாரோ அதே விறைப்போடு மூடநம்பிக்கையை அமல்படுத்தத் தொடங்குகிறார். தியாவை மேரியிடமிருந்து பிரிக்கிறார், கண்காணிக்கிறார், தப்பிக்க முடியாதபடி படகை உடைக்கிறார், தேவைப்பட்டால் கொல்வேன் என்கிறார். பகுத்தறிவிலிருந்து பைத்தியத்துக்கு அவர் தாவவில்லை. ஆள் அப்படியே இருக்கிறார், கையில் இருக்கும் உத்தரவு மட்டும் மாறியிருக்கிறது.

இன்னொரு சங்கதி. படம் எடுக்கப்பட்டுக்கொண்டிருந்த 1944-ல் நிஜக் கிரேக்கம் ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்தது. முதல் கட்டப் படப்பிடிப்புக்கும் இரண்டாம் கட்டத்துக்கும் இடையே, அக்டோபரில் ஜெர்மானியர்கள் ஏதென்ஸை விட்டுப் போனார்கள். டிசம்பரில் அதே ஏதென்ஸ் தெருக்களில் பிரிட்டிஷ் படையும் கிரேக்க இடதுசாரிப் போராளிகளும் மோதிக்கொண்டார்கள். படம் இதில் எதையும் நேரடியாகத் தொடவில்லை. ஆனால் நாட்டைக் காக்கிறேன் என்று சொந்த மக்களையே பகைவராகப் பார்க்கும் ஒரு ராணுவத்தானைத் திரையில் வைக்க அந்த ஆண்டு பொருத்தமான ஆண்டுதான்.

பேய் உண்டா, இல்லையா?

மேரிக்கு கேட்டலெப்சி இருக்கிறது. உடல் விறைத்து, மூச்சும் நாடியும் தெரியாமல் பிணம் போலக் கிடக்கும் நிலை. உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்பது அவளுடைய பயம். மருத்துவரிடம் அதைச் சொல்லியும் இருக்கிறாள். மருத்துவர் இறந்துவிட்டார். ஒருநாள் அவள் விழுந்து கிடக்கிறாள். பார்த்தவர்கள் பிளேக் என்று முடிவுகட்டி, பெட்டியில் வைத்துக் கல்லறைக்குள் தள்ளுகிறார்கள்.

பிறகு வரும் காட்சி இந்தப் படத்தைப் பார்க்க வேண்டியதற்கே போதுமான காரணம். கல்லறைக்குள் சவப்பெட்டி. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, மூடியில் விழுகிறது. இசை இல்லை. சொட்டு, சொட்டு. கேமரா பெட்டியை விட்டு நகர மறுக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை என்று நினைக்கும்போது உள்ளே சுரண்டும் சத்தம், அதன்பின் அலறல்.

வெளியே வருபவளுக்குப் புத்தி பேதலித்திருக்கிறது. வெள்ளைச் சவத்துணியோடு மரங்களுக்கிடையே நடக்கிறாள். ஆல்பிரெக்டின் தொல்பொருள்களில் இருந்த ஒரு திரிசூலத்தை எடுத்து முதலில் கிராவைக் கொல்கிறாள். தியாவை நெருங்கும் தளபதியைக் குத்துகிறாள். பாறையிலிருந்து கடலில் விழுந்து சாகிறாள். வோர்வோலாகாவைப் பற்றிக் கிழவி சொன்ன எல்லாமே நடந்துவிட்டன: செத்தவள் கல்லறையிலிருந்து எழுந்து வந்தாள், கொன்றாள். நடத்தியது நோயும் அவசர அடக்கமும். பேயைப் பிடிக்கத் தியாவின் மீது கண்வைத்துக் காத்திருந்த நேரத்தில், அதை அவர்களே கல்லறைக்குள் செய்து வைத்திருந்தார்கள்.

ஆகவே மர்மத்துக்கு இயற்கையான விடை முழுமையாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. முழுமையாகக் கொடுக்காத ஒன்று, அந்தப் பந்தயம். காற்று திரும்புகிறது, தெற்கிலிருந்து வெப்பம் வருகிறது, மருத்துவர் சொன்னபடியே நோய் விலகுகிறது. சொன்னவர் மண்ணுக்குள் இருக்கிறார். ஹெர்மெஸை வேண்டியவர் உயிரோடு கரையில் நிற்கிறார். யார் ஜெயித்தது என்று படம் தீர்ப்புச் சொல்வதில்லை, சொல்லாததே நல்லது.

ஆனால் தளபதி விஷயத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. அவருடைய பைத்தியத்துக்குப் பின்னால் எங்களைக் காக்க வேண்டும் என்ற எளிய நல்லெண்ணம் இருந்தது என்று ஆல்பிரெக்ட் கனிவாக அஞ்சலி செலுத்துகிறார். நல்ல வசனம், கார்லாஃபுக்குத் தகுந்த வழியனுப்பல். ஆனால் துப்பாக்கியோடு வெளியே போன கர்னலையோ, வரி கட்டாததால் படையைச் சந்தித்த குடியானவர்களையோ ஆல்பிரெக்டுக்குத் தெரியாது. தியாவுக்கு அந்தக் குடியானவர்களைத் தெரியும், அவளிடம் யாரும் கேட்பதில்லை.